வார்ப்பின் பிறவிக்குணமும் உலோக மணிகளின் நுண்மையும்

"முதற்கோணல் முற்றுங் கோணல்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. மாந்தர் செயல்களை நோக்கி எழுந்த இம்மொழி உலோகங்களுக்கும் பொருந்துமா? உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும்பொழுது, அஃது உறையும் சிறு பொழுதுக்குள்ளேயே அதன் உட்கட்டமைப்பு அமைந்துவிடுகின்றது. பின்னர் அவ்வுலோகத்தைப் பெருவலிமை கொண்டு அமுக்கியும் முறுக்கியும் அதன் உள்மணிகளை ஆயிரத்திலொரு பங்களவாகச் சிறுக்கச் செய்யும் முறைகள் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் வளர்ச்சி பெற்றுள்ளன. இவ்வாறு பிசையப்பட்ட உலோகம் தான் வார்ப்பிற் பெற்ற பிறவிக்குணத்தை மறந்துவிடுமா, அன்றி இறுதிவரை தாங்கி நிற்குமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இது வெறும் ஏட்டு வினாவன்று. மறந்துவிடும் என்பது உண்மையாயின், மணலச்சில் மலிவாக வார்த்த பரும்படியான கட்டியையும் உயர்தர உலோகமாக மாற்றிவிடலாம். வார்ப்பாலையிற் செலவாகும் கவனமும் பொருளும் மிச்சமாகும். மறவாது என்பது உண்மையாயின், எத்தனை முறை பிசைந்தாலும் வார்ப்பின் குறை ஒளிந்திருந்து, பிற்காலத்தில் ஓடும் வண்டியின் சில்லிலோ பொறியின் உறுப்பிலோ வெடிப்பாக வெளிப்படும்.

உலோகம் ஒரே தொடர்ச்சியான பொருள்போல் தோன்றினும், உண்மையில் அது எண்ணிறந்த சிறு பளிங்குகள் நெருங்கிச் செறிந்த தொகுதியேயாம். நாகமுலாம் பூசிய பழைய வாளியையோ கூரைத் தகட்டையோ உற்று நோக்குவார்க்கு அதன்மேற் பூப்பூவாகத் தோன்றும் கோலம் புலப்படும். ஒவ்வொரு பூவும் நாகத்தின் ஒரு பளிங்கு. அதனையே உலோகவியலார் மணி என்பர். ஒரு மணிக்குள் அணுக்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும்; அடுத்த மணியில் அதே அடுக்கு வேறொரு திசையை நோக்கிச் சாய்ந்திருக்கும். இரு மணிகள் கூடுமிடம் மணியெல்லை எனப்படும். வாளியின் பூக்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு பெரியன. பெரும்பாலான உலோகங்களில் மணிகளைக் காணுதற்கு மேற்பரப்பை மெருகிட்டு, அமிலத்தால் அரித்து, நுணுக்குக்காட்டியின் துணையை நாடவேண்டும்.

மணிகள் பிறப்பது வார்ப்பின்போது. உருகிய உலோகம் குளிர்ந்து உறைநிலையை அடைந்ததும் ஆங்காங்கே கருக்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு கருவும் சுற்றியுள்ள திரவத்தை உட்கொண்டு வளர்ந்து, அயலிலுள்ளதை முட்டும்வரை பெருத்து, ஒரு மணியாகின்றது. ஆகவே கருக்கள் பலவாயின் மணிகள் சிறுக்கும்; சிலவாயின் பருக்கும். குளிர்ந்த அச்சுச் சுவரைத் தொட்ட திரவம் சடுதியில் உறைதலால் அங்கே நுண்மணிகளாலான மெல்லிய தோல் உண்டாகின்றது. அதன் உட்புறத்தில், வெப்பம் வெளியேறும் திசைக்கு எதிராக நீண்டு வளர்ந்த தூண்போன்ற மணிகள் அணிவகுத்து நிற்கும். நடுவில் எத்திசையிலும் ஏறத்தாழ ஒத்த அளவுடைய மணிகள் காணப்படும். ஒரே கட்டியின் மூன்று இடங்களிலிருந்து வெட்டியெடுத்த மூன்று கோல்கள், இரசாயன அமைப்பில் ஒத்தனவாயினும் உட்கட்டமைப்பில் மூன்று வெவ்வேறு உலோகங்கள் போலவே இருக்கும்.

உறையும் பளிங்கு உருண்டையாக வளர்வதில்லை. கலப்புலோகங்களில் அது மரம்போல் நடுத்தண்டும் கிளைகளும் சிறுகிளைகளுமாக விரிகின்றது. இம்மரவுருப் பளிங்கின் சிறுகிளைகளுக்கு இடையேயுள்ள தூரம் வார்ப்பின் தரத்தை அளக்கும் கோலாக விளங்குகின்றது. அத்தூரம் உறையும் காலத்தின் கனமூலத்தை ஏறத்தாழ ஒத்து மாறும். எனவே கிளையிடைத் தூரத்தைப் பாதியாக்க விரும்புபவன் உறையுங் காலத்தை எட்டிலொன்றாகக் குறைக்கவேண்டும். மணலச்சில் மெல்லக் குளிர்ந்த அலுமினியக் கலப்புலோகத்தில் இது பெரும்பாலும் 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலுமாக இருக்கும். இரும்பச்சில் 20 முதல் 30 வரை. அமுக்கத்தாற் செலுத்தி வார்க்கும் முறையில் 10ஐ அண்டியதாக இருக்கும். ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. குளிர்ச்சியை விரைவுபடுத்துதலன்றிக் கருக்களை வெளியிலிருந்து இடும் முறையும் உண்டு. தைத்தேனியமும் போரனும் கொண்ட சிறிதளவு கலப்பை உருகிய அலுமினியத்தில் இடுதலால் மணிகள் நுண்மையடைவதை 1949ஆம் ஆண்டையடுத்துச் சிபுலா என்பார் விளக்கினார். இன்றும் அலுமினிய வார்ப்பாலைகளில் அம்முறையே பெருவழக்கு.

இனி, கலப்புலோகத்தில் மணியொன்றே கவனிக்கத்தக்கதன்று. நூற்றுக்கு 7 பங்கு சிலிக்கனும் சிறிதளவு மகனீசியமும் கலந்த அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிச் சில்லுகளுக்கும் பொறிகளின் தலைப்பகுதிகளுக்கும் இன்று இதுவே மிகுதியாகப் பயன்படுகின்றது. இது குளிரும்போது முதலில் அலுமினியம் மரவுருவாக உறைகின்றது. எஞ்சிய திரவத்தில் சிலிக்கன் மிகுந்துகொண்டே சென்று, 577 பாகை சதமவளவில், நூற்றுக்கு 12.6 பங்கை எட்டியதும், அலுமினியமும் சிலிக்கனும் ஒருங்கே உறைந்துவிடுகின்றன. இவ்வாறு இறுதியில் உறைவதை எளிதுருகு கலவை எனலாம். கணக்கிட்டுப் பார்ப்பின் இவ்வுலோகத்தில் ஏறத்தாழப் பாதி மரவுரு அலுமினியம். மறுபாதி அதன் கிளைகளுக்கிடையே வலைபோற் பரந்த எளிதுருகு கலவை. அவ்வலையிலுள்ள சிலிக்கன், மெல்லக் குளிர்ந்த வார்ப்பில், கூரிய விளிம்புடைய தகடுகளாகக் கிடக்கும். கண்ணாடிச் சில்லுபோல் நொறுங்கும் இத்தகடுகளிலிருந்தே வெடிப்புத் தொடங்குகின்றது. உருகிய நிலையிற் சிறிதளவு சோடியத்தைச் சேர்த்தால் அத்தகடுகள் நுண்ணிய இழைகளாக மாறும் என்பதற்கு அலடார் பாட்சு 1921ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வார்ப்பின் பிறவிக்குணம் என்று மேலே குறித்தது மணியின் பருமன், கிளையிடைத் தூரம், சிலிக்கனின் வடிவம், நுண்துளைகள் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியதாகும்.

நிற்க. மணிகளை ஏன் சிறுக்கவேண்டும்? உலோகம் வளையும்போது அணுத்தளங்கள் ஒன்றன்மேலொன்று முழுமையாக ஒரே வேளையில் வழுக்குவதில்லை. அடுக்கிலுள்ள குறையொன்று, தரையில் விரித்த கம்பளத்தின் சுருக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளப்படுவதுபோல, தளத்தின் வழியே நகர்ந்து செல்கின்றது. இக்குறையைப் பெயர்ச்சிக்கோடு எனலாம். 1934ஆம் ஆண்டில் தெயிலர், ஒரோவன், பொலானி என்னும் மூவர் ஒருவரையொருவர் சாராது இக்கருத்தை வெளியிட்டனர். பெயர்ச்சிக்கோடு மணியெல்லையை அடைந்ததும் தடைப்படுகின்றது. அப்பாலுள்ள அடுக்கு வேறு திசையிற் சாய்ந்திருத்தலே காரணம். எல்லைகள் மிகுந்தால் தடைகளும் மிகும், உலோகமும் வலிதாகும். இவ்வலிமை மணியின் விட்டத்தினது வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக உயர்கின்றது என்பதைப் பிரித்தானியாவில் ஹோல் 1951ஆம் ஆண்டிலும் பெச்சு 1953ஆம் ஆண்டிலும் உருக்கை ஆராய்ந்து நிறுவினர். மணியின் விட்டம் 100 மைக்ரோமீற்றரிலிருந்து 1 மைக்ரோமீற்றராகக் குறையின், எல்லைகள் அளிக்கும் வலிமை 10 மடங்காகும். உலோகத்தின் வலிமையைக் கூட்டும் ஏனைய வழிகள் பெரும்பாலும் அதன் உறுதிப்பாட்டைக் குலைத்து நொறுங்குமியல்பைத் தருவன. மணியை நுண்மையாக்கும் வழியோ அக்குறையிலிருந்து பெரிதும் நீங்கியது. பொறியியலார் இதனை நாடுவதன் காரணம் இதுவே.

விரைவாகக் குளிர்வித்தும் கருவிட்டும் பெறக்கூடிய நுண்மை, பெரிய வார்ப்புக்களில், சில பத்து மைக்ரோமீற்றரளவில் நின்றுவிடும். அதற்கப்பாற் செல்வதற்குக் கடுங்குழைவு உருமாற்றம் என்னும் முறைகள் துணைபுரிகின்றன. இவற்றின் முன்னோடி ஆவாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்சி பிரிட்சுமன். உயரமுக்கத்தில் பொருள்களை ஒருங்கே முறுக்கும் சோதனைகளை அவர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்டார். உயரமுக்கப் பௌதிகத்துக்காக 1946ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். அவர் வழிவந்த உயரமுக்க முறுக்குமுறையில், நாணயம்போன்ற சிறு வட்டத்தகட்டை இரு உறுதியான அடைகற்களுக்கிடையே வைத்து, வளிமண்டல அமுக்கத்தைப்போல் 60,000 மடங்களவான அமுக்கத்துடன் முறுக்குகின்றனர். மற்றொரு முறையை 1970களில் சோவியத்து நாட்டின் மின்சுக்கு நகரில் சீகல் என்பார் வகுத்தார். ஊபா நகரத்து வலியேவ் என்பார் 1990ஐ அண்டிய ஆண்டுகளில் அதனை நுண்மணி உலோகம் ஆக்குதற்குரிய வழியாகப் பரப்பினார்.

சீகலின் முறையைச் சமவழிக் கோண அமுக்குமுறை எனலாம். இடியப்ப உரலில் இடும் மா சிறு துளை வழியே இழையாக மெலிந்து வருகின்றது. இங்கோ உள்நுழையும் வழியும் வெளிவரும் வழியும் ஒரே பருமனுடையன. நடுவில் மட்டும் அவ்வழி செங்கோணமாக மடிகின்றது. உலோகக் கோல் அம்மடிப்பைக் கடக்கும்போது அதன் ஒவ்வொரு படலமும் அடுத்த படலத்தின்மேல் நறுக்கப்பட்டு வழுக்குகின்றது. வெளிவரும் கோல் புகுந்த கோலின் பருமனையே கொண்டிருத்தலால் அதனை மீண்டும் மீண்டும் செலுத்தலாம். முறையின் சிறப்பு முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது. ஒருமுறை செலுத்துதலால் உண்டாகும் விகாரம் ஏறத்தாழ 1. நான்குமுறை செலுத்துதல், 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலொன்றை 55 மடங்கு நீளமாக இழுப்பதற்கு ஒப்பாகும். அங்ஙனம் இழுத்திருப்பின் அது 1.35 மில்லிமீற்றர்க் கம்பியாக மெலிந்திருக்கும். இங்கோ கோல் கோலாகவே நிற்கின்றது.

இவ்வாறு நறுக்குண்ட மணிக்குள் பெயர்ச்சிக்கோடுகள் பெருகிச் சிக்குண்டு, பின் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டு சுவர்களாக அமைகின்றன. பெரிய மண்டபமொன்றை மெல்லிய தட்டிகளால் அறைகளாக மறித்தாற்போல் மணி சிறுசிறு அறைகளாகப் பிரிகின்றது. தொடக்கத்தில் அயலறைகளின் அடுக்குகளுக்கிடையே சாய்வு ஓரிரு பாகையே. விகாரம் ஏற ஏற மேலும் பெயர்ச்சிக்கோடுகள் சுவரில் வந்து சேர்ந்து, சாய்வு மிகுந்து, 15 பாகையைக் கடந்ததும் அச்சுவர் உண்மையான மணியெல்லையாகிவிடுகின்றது. தட்டி மதிலாகின்றது, அறை தனிவீடாகின்றது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். தூய அலுமினியத்தில் 1 மில்லிமீற்றரளவான பருமணிகளைக் கொண்ட கோலை எடுத்து, அறைவெப்பநிலையில் நான்குமுறை செலுத்தியபோது மணிகள் 1.3 மைக்ரோமீற்றரளவாகக் குறைந்தன என்பதை 1990களின் பிற்பகுதியில் யப்பானிய அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். முந்திய ஒரு மணி இருந்த இடத்தில் ஏறத்தாழ 45 கோடி மணிகள்! நூற்றுக்கு 1 பங்கு மகனீசியம் கலந்தபோது இறுதிப் பருமன் 0.45 மைக்ரோமீற்றரும், 3 பங்கு கலந்தபோது 0.3ஐ அண்டியதுமாயிற்று; ஆயினும் கலப்பு மிகுந்தவிடத்து இவ்வெல்லையை எட்டுவதற்குக் கூடுதலான தடவைகள் தேவைப்பட்டன. இறுதிப் பருமனை அறுதியிடுவது தொடக்கப் பருமனன்று, உலோகத்தின் இயல்பும் கலப்பும் வெப்பநிலையுமே என்பது இவற்றால் விளங்கும். பெயர்ச்சிக்கோடுகள் புதிதாய்ப் பிறத்தலும், வெப்ப இயக்கத்தால் ஒன்றையொன்று அழித்து மறைதலும் ஒருங்கே நிகழ்கின்றன. பிறப்பும் மறைவும் சமன்பட்டபின் மணி மேலும் சிறுப்பதில்லை. சமநிலைக்கு வந்த தராசு, தட்டில் முதலில் வைத்தது எது என்பதை நினைவிற் கொள்வதில்லை.

ஆகவே தூய உலோகத்தில், சராசரி மணிப்பருமனை மாத்திரம் நோக்கின், பழமொழி பொய்த்துவிடுகின்றது. ஆயினும் இதனைக் கொண்டு வார்ப்பின் கட்டமைப்பு எதனையும் பாதியாது என்று முடிவுகட்டுதல் அவசரமான தீர்ப்பாகும். இறுதி நிலை ஒன்றாயினும் அதனை அடையும் வழி ஒன்றன்று. நுண்மணியோடு தொடங்கிய கோலில் எல்லைகள் முன்பே மிகுந்துள்ளன. அவ்வெல்லைகளை அண்டி அண்டை மணிகளின் இழுபறியால் அடுக்கு விரைந்து திரும்புகின்றது. புதிய எல்லைகளும் அங்கேயே முதலில் தோன்றுகின்றன. பருமணியின் நடுப்பகுதியோ இவ்விழுபறிக்கு எட்டாது, தன் பழைய அடுக்கையே நெடுநேரம் பேணிநிற்கும். ஒற்றைப் பளிங்காக வளர்த்த அலுமினியத்தைச் செலுத்திய சோதனைகளில், முதற்றடவை தோன்றும் கட்டமைப்பு அப்பளிங்கின் தொடக்கத் திசையைப் பொறுத்தே அமைந்தது. தூண்மணிகளாலான வார்ப்பில், கோலை எத்திசையில் வெட்டினர் என்பது முதலிரு தடவைகளுக்கேனும் கருதத்தக்கது என்பது இதனால் உய்த்துணரப்படும். நுண்மணி வார்ப்புக்கு நான்கு தடவை போதுமாயிருக்க, பருமணி வார்ப்புக்கு எட்டு வேண்டின், அந்நான்கின் செலவும் அச்சுக்கட்டையின் தேய்வும் வார்ப்பாலையில் மிச்சம்பிடித்த காசை விழுங்கிவிடும்.

கலப்புலோகத்திலோ நிலைமை பெரிதும் வேறு. மேலே கூறிய அலுமினியம்–சிலிக்கன் கலப்பைச் செலுத்தும்போது சிலிக்கன் தகடுகள் முறிந்து, கூர்மை மழுங்கிச் சிறு துணிக்கைகளாகின்றன. இதனால் வெடிப்புக்கு இடமாயிருந்தவை குறைந்து, உலோகம் முன்னையிலும் நீண்டு வளையக்கூடியதாகின்றது. இது பெரும் பேறே. ஆயினும் நறுக்கல் துணிக்கைகளை உடைப்பது எளிது. அவற்றை இடம்பெயர்த்துச் சமமாகப் பரப்புவது அத்துணை எளிதன்று. அரிசியிற் கிடந்த மண்கட்டியை விரலால் நொறுக்கினால் அது பொடியாகும். ஆனால் அப்பொடி முழுவதும் அவ்விடத்திலேயே கிடக்கும். அதுபோல, சில தடவைகளின் பின்னும் சிலிக்கன் துணிக்கைகள் பழைய வலை இருந்த இடங்களிலேயே, நீண்டு சாய்ந்த பட்டைகளாகத் திரண்டு நிற்கின்றன. இடையே துணிக்கையற்ற தூய அலுமினியத் தீவுகள். மணலச்சில் வார்த்ததாயின் தீவுகள் அகலமானவை, பட்டைகள் தடித்தவை. விரைந்து குளிர்ந்ததாயின் இரண்டும் மெல்லியவை. மரவுரு சிதைந்தபின்னும் அதன் நிழல் நீங்குவதில்லை.

இந்நிழல் மணிகளின் நுண்மையையும் ஆளுகின்றது. உறுதியான துணிக்கை நறுக்கலுக்கு இணங்காமையால், அதனைச் சூழ்ந்த மென்மையான அலுமினியம் துணிக்கையைச் சுற்றிக்கொண்டு நெளியவேண்டியிருக்கின்றது. அதனால் அங்கே பெயர்ச்சிக்கோடுகள் செறிந்து, அடுக்கு மிகுதியாகத் திரும்பி, நுண்மணிகள் முந்தித் தோன்றுகின்றன. ஒரு மைக்ரோமீற்றரும் அதற்கு மேலுமான துணிக்கைகள் அலுமினியத்தின் நுண்மையாக்கத்தை விரைவுபடுத்தும் என்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே ஒரே கோலில், ஒரே தடவையில், சிலிக்கன் பட்டையை அண்டிய பகுதி நுண்மணிகளாகியிருக்க, அகன்ற தீவின் நடுப்பகுதி இன்னும் அறைகளாகவே நிற்கக் காணலாம். சராசரியைக் கணித்து எழுதினால் இவ்வேற்றுமை மறைந்துபோம். ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றில் ஒரேயொரு எண்ணைத் தந்து நிறைவுகொள்ளும் வழக்கம் இக்காரணத்தால் நிறைவற்றது. பொறியுறுப்பு முறிவது சராசரியில் அன்று, நலிந்த இடத்திலேயே.

விகாரத்தை மேலும் மேலும் ஏற்றினால் நிழலும் அழியாதா எனின், முறுக்குமுறை அதற்கு விடை தருகின்றது. 10 மில்லிமீற்றர் விட்டமும் 0.8 மில்லிமீற்றர்த் தடிப்புமுள்ள வட்டத்தகட்டை ஒரு சுற்று முறுக்கினால் விளிம்பில் நறுக்கல் விகாரம் ஏறத்தாழ 39. மையத்திலோ, கணக்கின்படி, சுழியம். ஆகவே ஒரே தகட்டில் மையத்திலிருந்து விளிம்புவரை எல்லா விகாரங்களையும் வரிசையாகக் காணலாம். வார்த்த அலுமினியம்–சிலிக்கனில் விளிம்பை அண்டி மரவுரு சிதைந்து சிலிக்கன் பரந்து கிடக்க, மையத்தை நெருங்க நெருங்க வார்ப்பின் சாயல் எஞ்சியிருக்கும். சுற்றுக்கள் மிகுந்தால் அச்சாயல் மையத்தை நோக்கி ஒதுங்கும். பல பத்து அலகு விகாரம் கொடுத்தால் நிழல் அழியும் என்பது இதனால் தெளிவு. ஆனால் அவ்வளவு விகாரத்தை ஏற்பது நாணயமளவான தகடு. சில்லுக்குரிய கோலுக்கு அதனைக் கொடுப்பார் இல்லை.

நுண்துளைகளைப் பற்றியும் ஒரு சொல். உருகிய அலுமினியம் ஐதரசனைக் கரைத்து வைத்திருந்து உறையும்போது வெளிவிடுதலாலும், உறையும் உலோகம் சுருங்குதலாலும் வார்ப்பில் துளைகள் விழுகின்றன. அமுக்கத்துடன் நறுக்கும் முறைகள் இவற்றை மூடிவிடுகின்றன. துளையின் சுவர் தூய்மையாயிருப்பின் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். காற்றைத் தொட்டு ஒட்சைட்டுப் படலம் படிந்த சுவராயின், துளை மூடினும் புண் ஆறுவதில்லை. நுணுக்குக்காட்டிக்கும் எளிதிற் புலப்படாத மெல்லிய பிளவாக அது தங்கிவிடும்.

பழைய அலுமினியப் பாத்திரங்களையும் பொறியுறுப்புக்களையும் உருக்கி வார்ப்பதில் இன்னொரு குறை சேர்கின்றது. கழிவோடு கலந்து வரும் இரும்பு, அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் கூடி நீண்ட ஊசித்தகடுகளாக உறைகின்றது. உருகிய நிலையில் இரும்பைப் பிரித்தெடுத்தல் அரிது. மங்கனீசு சேர்த்து அத்தகடுகளைத் திரண்ட வடிவினவாக்குவர்; கடுங்குழைவு உருமாற்றம் அவற்றை முறிக்கும்; ஆயினும் இரும்பு இரும்பாகவே உள்ளிருக்கும். சைவசித்தாந்த நூலார் உயிரோடு உடனாய் நிற்கும் ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். உலோகவியலார் கண்ணுக்குக் களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் பின்னர் மேற்பரப்பிற் படர்வது. பிறவியிலேயே உடன்வந்து பிரிக்க முடியாது நிற்பதற்கு இவ்விரும்பு இன்னும் இசைந்ததாகத் தோன்றும். உவமையை உவமையளவிற் கொள்வதே முறையாதலின் அது நிற்க.

இதுவரை கூறியவை பெரும்பாலும் அலுமினியம் பற்றியன. மகனீசியமோ தொடக்க மணிப்பருமனையே மறக்க மறுக்கும் உலோகம். அலுமினியத்தின் அணுவடுக்கு கனசதுர ஒழுங்குடையது. அதில் வழுக்குதற்குரிய தளங்களும் திசைகளும் பல. மகனீசியத்தின் அடுக்கு அறுகோண ஒழுங்குடையது. அறைவெப்பநிலையில் எளிதாக வழுக்குவது பெரும்பாலும் ஒரேவகைத் தளம். ஆதலால் வார்த்த மகனீசியக் கோலைக் குளிர்ந்த நிலையிற் செலுத்தினால் அது துண்டு துண்டாக வெடித்துவிடும். 200 பாகையளவிலும் அதற்கு மேலும் சூடாக்கியே செலுத்துகின்றனர். அச்சூட்டில் மணிகள் அறைகளாகப் பிரிவதிலும், தகைப்புச் செறிந்த பழைய மணியெல்லைகளை ஒட்டிப் புதிய நுண்மணிகள் முளைப்பதே முதன்மையாக நிகழ்கின்றது. நுணுக்குக்காட்டியில் நோக்கினால், பழைய பருமணி ஒவ்வொன்றும் கழுத்தில் முத்துமாலை அணிந்தாற்போல் நுண்மணிகளாற் சூழப்பட்டிருக்கும்.

முடிவு இம்மாலையின் அகலத்தையும் மணியின் அகலத்தையும் பொறுத்தது. தொடக்க மணி சிறிதாயின் எதிரெதிர்ப் பக்கத்து மாலைகள் நடுவிற் கூடி, ஓரிரு தடவைகளிலேயே முழு உலோகமும் நுண்மணிகளால் நிறையும். தொடக்க மணி பெரிதாயின் மாலைகள் கூடுவதில்லை. நடுவே நுண்மையடையாத கருப்பகுதி எஞ்சி, பருமையும் நுண்மையும் கலந்த கட்டமைப்பு உண்டாகும். அடுத்த தடவையில் விகாரம் பெரும்பாலும் மென்மையான நுண்மணிப் பகுதியையே நாடுமாதலின், கருப்பகுதி பல தடவைகள் தப்பிப் பிழைக்கவும் கூடும். எத்தொடக்கப் பருமனுக்குமேல் இக்கலப்புக் கட்டமைப்பு தோன்றும் என்பதற்கு ஓர் எல்லையுண்டு எனவும், அவ்வெல்லை உலோகத்தையும் சூட்டையும் பொறுத்து மாறும் எனவும் விகெயிரேதோவும் இலாங்டனும் 2010ஐ அண்டிய ஆண்டுகளில் விளக்கினர்.

இவ்வெல்லையைக் கடப்பதற்கு யப்பானின் கியூசு பல்கலைக்கழகத்து ஒரிற்றா முதலியோர் எளிய வழியொன்றைக் கையாண்டனர். நூற்றுக்கு 9 பங்கு அலுமினியம் கலந்த மகனீசிய வார்ப்பில் மணி ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர். அதனை நேரே கோணவழியிற் செலுத்தாது, முதலில் இடியப்ப உரலின் முறையிற் பிதுக்கி 12 மைக்ரோமீற்றரளவாக்கி, பின்னரே 200 பாகையிற் கோணவழியிற் செலுத்தினர். மணிகள் 0.7 மைக்ரோமீற்றரளவாயின, சூட்டில் இழுத்தபோது அவ்வுலோகம் தன் நீளத்தைப்போற் பன்மடங்கு அறாது நீண்டது.

வார்க்கும்போதே மகனீசியத்தின் மணிகளை நுண்மையாக்கிவிட்டால் பிதுக்கும் வேலை மிச்சமாகுமே எனின், அதற்கும் வழி உண்டு. சேர்க்கோனியத்தைச் சிறிதளவு இட்டால் போதும். ஆனால் மேற்கூறிய கலப்பில் அவ்வழி அடைபட்டுள்ளது. உருகிய மகனீசியத்தில் அலுமினியம் இருப்பின் சேர்க்கோனியம் அதனோடு கூடிச் சேர்வையாகிப் பிரிந்துவிடுமாதலால், கருவாய் நிற்பதற்கு அங்கே எஞ்சுவதில்லை. அக்கலப்புக்களுக்கு விரைவான குளிர்ச்சியோ முன்பிதுக்கலோ இன்றும் வேண்டப்படுகின்றது.